இ-பக்: கிருமிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விளையாட்டுகள் – ஓர் ஆசிரியரின் மதிப்புரை

வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு தும்ம வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி வந்திருக்கிறேன். பிள்ளைகளும் ஆண்டுதோறும் தலையாட்டி வந்திருக்கிறார்கள். நீளமான ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, அதன் ஒரு முனையில் தெளிப்பான் புட்டியைப் பிடித்து, வண்ணம் கலந்த தண்ணீரை ஒரே அழுத்தில் பீய்ச்சிக் காட்டிய நாளில்தான், அந்தத் தலையாட்டலில் புரிதல் எவ்வளவு குறைவாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. இங்கிலாந்தில் தொடங்கிய இ-பக் என்னும் பள்ளிக்கல்வித் தொகுப்பில் உள்ள விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. தண்ணீரைப் பீய்ச்சுவதற்கு முன்பு, தும்மல் எதுவரை போகும் என்று ஒவ்வொரு குழுவும் ஊகித்துத் தாளில் கோடு போட வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கோடுகளையும் தாண்டித் துளிகள் விழுந்தன. அடுத்து, புட்டியின் முன்னால் ஒருவர் கையுறை அணிந்த கையை நீட்டினார். துளிகள் முன்னோக்கிப் போவது குறைந்தது, ஆனால் பக்கவாட்டில் சிதறின, கை முழுவதும் வண்ணமாயிற்று. மூன்றாவதாக மெல்லிய காகிதக் கைக்குட்டையைப் பிடித்தபோது தாள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. அந்த நேரத்தில், வண்ணமான கையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "இந்தக் கையோடு போய் நான் கதவைத் திறந்தால்?" என்று கேட்டாள். கை கழுவும் பாடத்தை நான் தொடங்குவதற்கு முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

இந்தத் தொகுப்பை மூன்று ஆண்டுகளாகப் பல வகுப்புகளில் பயன்படுத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு உடல்நலத்தை விளையாட்டின் வழியே கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தொகுப்பைப் பற்றிச் சில விவரங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவியுடன் 2006-இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் 18 ஐரோப்பிய நாடுகள் பங்கேற்றன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு அதற்குத் தலைமை தாங்கியது. 2009-இல் பள்ளிகளுக்கு வந்தது. இன்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை இதை நடத்துகிறது. 3 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரிய பாடங்கள் வயது வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இணையத்திலிருந்து எல்லாவற்றையும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். நுண்ணுயிரிகள் என்றால் என்ன, அவற்றுள் நன்மை செய்பவை எவை, நோய் எப்படிப் பரவுகிறது, கை கழுவுதல், தும்மல், தடுப்பூசி, பாக்டீரியாவை ஒழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளை எப்போது பயன்படுத்த வேண்டும் என்ற வரிசையில் பாடங்கள் செல்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவருவதைக் குறித்த கவலையே இந்தத் திட்டத்தின் வேர் என்பதால், எல்லாப் பாடங்களும் இறுதியில் அந்த இடத்தை நோக்கியே நகர்வதைக் காணலாம்.

உடல்நல விளையாட்டு எதையும் மதிப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: பாடம் விளையாட்டின் விதிக்குள் இருக்கிறதா, அல்லது விளையாட்டின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறதா? பகடையை உருட்டி, கட்டம் கட்டமாக நகர்ந்து, ஒரு கட்டத்தில் "பல் துலக்கினாய், மூன்று கட்டம் முன்னேறு" என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளை முன்னேறியது பகடையால்தானே அன்றிப் பல் துலக்கியதால் அன்று. பல் துலக்கினாய் என்ற சொற்களை அழித்துவிட்டு வேறு எதை எழுதினாலும் விளையாட்டு மாறாமல் அப்படியே நடக்கும். மாறாக, தும்மல் விளையாட்டில் கையை எடுத்துவிட்டுக் காகிதத்தை வைத்தால் முடிவே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. இ-பக்கின் வகுப்பறை விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறுகின்றன என்பதே நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம்.

கை கழுவும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளின் கைகளில் சிறிதளவு எண்ணெயைத் தடவி, அதன்மேல் மணமுள்ள நுண்தூளைத் தூவச் சொல்கிறார்கள். தூள்தான் கிருமி; தடவிய எண்ணெய் என்பது நம் தோலில் இயல்பாக ஊறும் எண்ணெய்ப்பசை. ஒரு குழு கழுவாமலும், ஒரு குழு வெறும் தண்ணீரிலும், ஒரு குழு சோப்பு போட்டும் கழுவிய பிறகு, வரிசையாக நின்று ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டே போக வேண்டும். கழுவாத குழுவில் தூள் கடைசிப் பிள்ளையின் கைவரை போய்ச் சேர்கிறது. வெறும் தண்ணீரில் கழுவிய குழுவின் நிலைதான் பிள்ளைகளை வியக்க வைக்கிறது: தண்ணீர் வழிந்தோடுகிறது, தூள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு, எண்ணெயோடு சேர்த்துக் கிருமியையும் பெயர்த்தெடுக்கிறது என்பதை அதன் பிறகு ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். கரும்பலகையில் படம் வரைந்து அரை மணி நேரம் விளக்கினாலும் வராத தெளிவு அப்போது வந்துவிடுகிறது. கட்டைவிரலின் அடிப்பகுதி, விரலிடுக்கு, நகக்கண் ஆகிய இடங்களில் தூள் தங்கியிருப்பதையும், 20 நொடிகள் தேய்க்க வேண்டும் என்பது யாரோ எழுதிவைத்த வெறும் கட்டளையன்று என்பதையும் அவர்கள் தாங்களாகவே கண்டுகொள்கிறார்கள். இருட்டறையும் புற ஊதா விளக்கும் இருந்தால், அந்த ஒளியில் மட்டும் மின்னும் பொடியைக் கொண்டும் இதைச் செய்யலாம். அது காண்பதற்கு இன்னும் அழகாக இருக்கும். ஆனால் விளக்கு இல்லாததால் இந்தப் பாடத்தை யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நுண்ணுயிரிச் சீட்டு விளையாட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு நிறைவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நுண்ணுயிரியின் படமும், அதன் அளவு, அதன் இனங்களின் எண்ணிக்கை, மனிதருக்கு விளைவிக்கும் ஆபத்து, மனிதருக்கு உள்ள பயன், ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறன் ஆகியவற்றுக்கான எண்களும் தரப்பட்டிருக்கும். ஒருவர் ஒரு பண்பைத் தேர்ந்தெடுத்து அதன் எண்ணைச் சொல்ல, யாருடைய எண் பெரியதோ அவர் மற்றவர்களின் சீட்டுகளை அள்ளிக்கொள்வார். பிள்ளைகள் இதை மிகுந்த ஆர்வத்துடன் விளையாடுவார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்களை ஒப்பிடத் தெரிந்த எவரும், நுண்ணுயிரி என்றால் என்னவென்றே தெரியாமல் இதில் வென்றுவிடலாம். இன்ஃபுளுவென்சா வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். பாக்டீரியாக்கள் பலவும் 1,000 நானோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடையவை. பத்து மடங்குக்கு மேலான இந்த வேறுபாடு உண்மையில் வியப்புக்குரிய செய்தி. சீட்டாட்டத்தின் வேகத்தில் அது "என்னுடையது பெரியது" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் நான் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டேன்: சீட்டை வெல்பவர், அந்த நுண்ணுயிரி எங்கே வாழ்கிறது, நமக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு வாக்கியத்தில் சொன்ன பிறகே சீட்டை எடுத்துக்கொள்ளலாம், சொல்ல முடியாவிட்டால் சீட்டு நடுவில் கிடக்கும். ஆட்டம் மெதுவாகிறது என்று முதலில் முணுமுணுத்த பிள்ளைகள், இரண்டாவது வாரத்தில் சீட்டின் பின்பக்கத்தை ஆட்டத்துக்கு முன்பே படித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் இந்தச் சீட்டுக்கட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன்.

தொகுப்பில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், தயங்காமல் தடுப்பூசி விளையாட்டைச் சொல்வேன். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கானது இது. பிள்ளைகள் சதுர வடிவில் வரிசை வரிசையாக நிற்கிறார்கள் அல்லது அமர்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் வண்ணச் சீட்டுகள் இருக்கும். ஒரு வண்ணம் நோயுற்றவர், ஒரு வண்ணம் நோய் வரக்கூடியவர், ஒரு வண்ணம் நோயிலிருந்து மீண்டவர், ஒரு வண்ணம் தடுப்பூசி போட்டுக்கொண்டவர். ஒவ்வொரு சுற்றும் ஒரு நாள். நோயுற்றவரின் சீட்டு அருகில் இருப்பவரைத் தொற்றுகிறது. தடுப்பூசி போட்டவரிடம் வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. யாரும் தடுப்பூசி போடாத வகுப்பில் முதலில் ஆடினோம்; சில சுற்றுகளில் வகுப்பே நோயுற்றது. பிறகு காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு என்று தடுப்பூசிச் சீட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனோம். முக்காற்பங்குச் சுற்றில், தடுப்பூசிச் சீட்டே இல்லாத ஒரு மாணவன், தன்னைச் சுற்றி நால்வரும் தடுப்பூசிச் சீட்டு வைத்திருந்ததால், ஆட்டம் முடியும்வரை நோயுறாமல் நின்றான். "எனக்கு ஏன் வரவில்லை?" என்று அவனே கேட்க, சுற்றி நின்றவர்களைக் காட்டி, "அவர்களால்தான்" என்று வகுப்பே பதில் சொன்னது. மிகச் சிறு குழந்தைகளும், சில நோய்களால் தடுப்பூசி போட்டுக்கொள்ள முடியாதவர்களும் பிறரால்தான் காக்கப்படுகிறார்கள் என்ற செய்தியை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை.

முக்காற்பங்கு போதும் என்ற தவறான முடிவோடு பிள்ளைகள் வெளியேறிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விளையாட்டில் ஒரு நோயாளிக்கு அருகில் இருப்பவர்கள் சிலரே. தட்டம்மை அப்படிப்பட்ட நோயன்று. எதிர்ப்பாற்றல் எவருக்கும் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைத் தரக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள், ஆகவே 95 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்கிறார்கள். இதை வாயால் சொல்வதைக் காட்டிலும், ஒரு நோயாளி ஒரே சுற்றில் சுற்றியுள்ள எட்டுப் பேரையும் தொற்றலாம் என்று விதியை மாற்றி மீண்டும் ஒருமுறை ஆடிப் பார்ப்பது நல்லது. விதியை மாற்றினால் நோயே மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டதும், அவர்கள் தாங்களே புதிய விதிகளைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்த நேரத்துக்கு இடம் கொடுங்கள்.

இந்த விளையாட்டில் ஆசிரியர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நோயுற்றவராக நடிக்கும் பிள்ளையை மற்றவர்கள் விலக்கிப் பேசத் தொடங்கினால், உடல்நலப் பாடம் அந்த ஒரு பிள்ளைக்கு அவமானப் பாடமாகிவிடும். வகுப்பில் ஏற்கெனவே அடிக்கடி நோயுறும் பிள்ளையோ தோல்நோய் உள்ள பிள்ளையோ இருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். ஆகவே நோயுற்றவரைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளை மாற்ற வேண்டும், முதல் சுற்றில் அந்த இடத்தில் ஆசிரியரே நிற்க வேண்டும். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

வகுப்பறை விளையாட்டுகளோடு, இணையத்தில் ஆடும் கணினி விளையாட்டுகளும் இந்தத் திட்டத்தில் உருவாக்கப்பட்டன. இளைய பிள்ளைகளுக்கான விளையாட்டை 2009-இல் 1,700-க்கும் மேற்பட்டோர் இணையத்தில் ஆடினர். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டு ஆராய்ந்தபோது, கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒரு சிலவற்றில் மட்டுமே அறிவு குறிப்பிடத்தக்க அளவில் கூடியிருந்தது. அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். இங்கிலாந்து, பிரான்சு, செக் குடியரசு ஆகிய நாடுகளின் பள்ளிகளில் வகுப்பறைத் தொகுப்பைத் தனியே ஆராய்ந்தபோது பிள்ளைகளின் அறிவு கூடியிருந்தது, ஆனால் எல்லாப் பாடங்களிலும் எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் கூடவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: திரைக்கு முன்னால் தனியே அமர்ந்து ஆடும் பிள்ளைக்கு, "ஏன் அப்படி ஆயிற்று?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. தும்மல் தாளைச் சுற்றி நிற்கும் ஐந்து பிள்ளைகளுக்குள் அந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

கணினி விளையாட்டே பயனற்றது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்காக 1990-களின் நடுவில் சூப்பர் நின்டெண்டோ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவிக்கென அமெரிக்காவில் உருவான பேக்கி அண்ட் மார்லன் என்ற விளையாட்டை இதற்கு நல்ல சான்றாகச் சொல்லலாம். அதில் வரும் இரண்டு யானைக் குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உண்டு. கோடை முகாமிலிருந்து திருடப்பட்ட உணவையும் மருந்துப் பொருள்களையும் அவை மீட்டு வர வேண்டும். அந்த வழியில் உரிய நேரத்தில் உரிய அளவு சாப்பிட்டு, இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, இன்சுலின் போட்டுக்கொள்ளாவிட்டால் யானைக்குட்டி தளர்ந்துபோகும், ஆட்டமும் போய்விடும். பாடத்தை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை என்ற என் சோதனையில் முழு மதிப்பெண் பெறும் விளையாட்டு அது. 8 முதல் 16 வயது வரையிலான 59 பிள்ளைகளை வைத்து நடத்தி 1997-இல் வெளியான ஆய்வில், அதை வீட்டில் ஆறு மாதம் வைத்து ஆடியவர்கள் அவசரமாக மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை 77 விழுக்காடு குறைந்தது. என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. சர்க்கரை நோயைப் பற்றிய அறிவுத் தேர்வில் அந்தப் பிள்ளைகளுக்கும், வேறு விளையாட்டை ஆடிய பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாறியவை வேறு: தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பெற்றோரிடம் நோயைப் பற்றி வாய்திறந்து பேசுவது, அன்றாடம் தன்னைக் கவனித்துக்கொள்வது. விளையாடி முடித்ததும் பத்துக் கேள்வி கொடுத்து மதிப்பெண் போட்டுவிட்டு, பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது என்றோ கற்கவில்லை என்றோ முடிவுகட்டும் நம் வழக்கத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

ஸ்கொயர்ஸ் குவெஸ்ட் என்ற மற்றொரு அமெரிக்க விளையாட்டும் இங்கே நினைவுக்கு வருகிறது. பழங்களையும் காய்கறிகளையும் பிள்ளைகள் கூடுதலாக உண்ண வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்ட அது, 26 தொடக்கப்பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 1,578 பேரைக் கொண்டு ஆராயப்பட்டு, 2003-இல் முடிவு வெளியானது. ஆடிய பிள்ளைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒருமுறை பரிமாறும் அளவு பழமோ காய்கறியோ கூடுதலாக உண்டனர். அதன் பத்து அமர்வுகளிலும், அடுத்த முறைக்குள் வீட்டில் என்ன செய்யப்போகிறாய் என்று பிள்ளையே ஓர் இலக்கைக் குறித்துக்கொண்டு, திரும்பி வந்ததும் அது நடந்ததா என்று சொல்ல வேண்டியிருந்தது. இ-பக்கின் பாடங்களுக்குப் பிறகு நான் அந்த வழக்கத்தைக் கடன்வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு செயலை எழுதி வைக்கும். அடுத்த வாரம் அதைத் திறந்து பார்ப்போம். நடக்காமல் போனதற்கான காரணங்களைத்தான் நான் கூடுதல் அக்கறையோடு கேட்பேன். கழிப்பறையில் சோப்பு இல்லை என்று மூன்று பிள்ளைகள் எழுதியிருந்தால், அங்கே திருத்த வேண்டியது பிள்ளைகளை அன்று, பள்ளியை. கை கழுவும் விளையாட்டைச் சிறப்பாக நடத்திவிட்டு, கழுவுவதற்குச் சோப்பு வைக்காத பள்ளி பிள்ளைகளுக்கு எதையும் கற்பிக்கவில்லை.

ஆன்டிபயாடிக் பகுதி கடினமானது. அது பொருளின் இயல்பு. சளியும் ஃபுளூவும் வைரஸால் வருபவை, அவற்றின்மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பது வரை பிள்ளைகள் எளிதில் வந்துவிடுகிறார்கள். மருந்துக்கு மசியாத பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது என்ற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "உடம்பு மருந்துக்குப் பழகிவிடுகிறது" என்று பெரியவர்களே சொல்லிக் கேட்ட தவறான கருத்து அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. எதிர்ப்பைப் பெறுவது உடம்பன்று, பாக்டீரியா. இதற்காக நான் ஒரு சிறு விளையாட்டைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு தட்டில் இருபது வெள்ளை மணிகளும் இரண்டு சிவப்பு மணிகளும். மருந்து ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளை மணிகளில் பெரும்பாலானவற்றை நீக்கும், சிவப்பை நீக்காது. சுற்று முடிவில் எஞ்சிய ஒவ்வொரு மணியும் இரண்டாகும். நான்கைந்து சுற்றுகளில் தட்டு முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது. மணிகளில் எதுவும் நிறம் மாறவில்லை, எது பிழைத்ததோ அதுவே பெருகியது என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும், பாடம் நடந்துவிட்டது. தேவையில்லாத இடத்தில் மருந்து கொடுத்தால் வெள்ளை மணிகள் வீணாகப் போகின்றன என்பதையும், நம் உடலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் அந்த வெள்ளை மணிகளுள் அடங்கும் என்பதையும் அதே தட்டைக் கொண்டு சொல்லலாம்.

நடைமுறைச் செய்திகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். தும்மல் விளையாட்டுக்கும் கை கழுவும் விளையாட்டுக்கும் ஒரு பாடவேளை போதாது. ஆடுவதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று என இரண்டு வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் ஆட்டத்தைச் சுருக்குங்கள், அதன் பின்னான பேச்சைச் சுருக்காதீர்கள். வண்ணத் தண்ணீர் உடையில் பட்டால் எளிதில் போகாது என்பதால் வீட்டுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புவது நல்லது. நுண்தூள் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை தரலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் தூளைத் தூவாமல் எண்ணெயிலேயே குழைத்துக் கொடுப்பது பாதுகாப்பானது. ஆசிரியருக்கான விளக்கக் குறிப்புகள் தெளிவாக இருந்தாலும், அறிவியல் ஆசிரியரல்லாதவர் அவற்றை இருமுறை படிக்க வேண்டியிருக்கும். பெரிய வகுப்பாக இருந்தால் தடுப்பூசி விளையாட்டை வெளியில், திறந்த இடத்தில் நடத்துங்கள்.

தொகுப்பு முழுவதையும் வரிசையாக நடத்த முடியாதவர்கள் தும்மல், கை கழுவுதல், தடுப்பூசி ஆகிய மூன்றையும் இதே வரிசையில் எடுத்துக்கொள்ளலாம். கணினி விளையாட்டுகளை வீட்டில் ஆட விட்டுவிடலாம், சீட்டுக்கட்டை மேலே சொன்ன மாற்றத்துடன் மழைக்கால மதிய இடைவேளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டின் தும்மல் தாளை நான் இன்னும் வகுப்பின் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஊகித்துப் போட்ட கோடுகளும், அவற்றைத் தாண்டிப் போன துளிகளும் அதில் அப்படியே இருக்கின்றன. யாராவது தும்மினால், ஒரு பிள்ளையாவது திரும்பி அந்தத் தாளைப் பார்க்கிறது.